திரும்பி வரும் நகைச்சுவைத் தொடர்கள் மூலத்துக்கு ஈடாகுமா?

கேள்வி இதுதான்: பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை அதே நடிகர்களை வைத்து மீண்டும் எடுக்கிறார்களே, அவற்றில் ஒன்றாவது மூலத்துக்கு ஈடாக நின்றதுண்டா? 2023-இல் திரும்பி வந்த அமெரிக்கத் தொடர் ‘ஃப்ரேஸியர்’ இரண்டே சீசன்களோடு நிறுத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, இந்த முயற்சியே வீண் என்று கேட்டவர் கருதுகிறார். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஈடாக நின்ற தொடர்கள் உண்டு. என் கணிப்பில் ஒன்று மூலத்தைத் தாண்டியும் சென்றிருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை தோற்றன என்பதும் உண்மை. அவை ஏன் தோற்றன என்பதற்கு நடிகர்களுக்கு வயதாகிவிட்டது, காலம் மாறிவிட்டது என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு புதிய பாத்திரங்களை வைத்து எடுப்பது மறுஆக்கம். 1975-இல் தொடங்கிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரை 2017-இல் ஒரு கியூப அமெரிக்கக் குடும்பத்தின் கதையாக மாற்றியது அப்படிப்பட்டது, நன்றாகவும் வந்தது. இங்கே நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. அதே மனிதர்கள், அதே பெயர்கள், இடையில் கடந்துபோன ஆண்டுகளையும் சுமந்துகொண்டு திரும்பி வருவதைப் பற்றித்தான்.

ஒரு சிட்காமை, அதாவது சூழ்நிலை நகைச்சுவைத் தொடரை, வாரந்தோறும் நடத்திச் செல்வது அதன் நகைச்சுவை வசனங்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதை நடத்துவது ஒரு முடிச்சு. ஒருவரை ஒருவர் விட்டு விலக முடியாத, ஆனால் சேர்ந்திருக்கவும் இயலாத சிலரை அந்த முடிச்சு ஒரே அறையில் கட்டிப்போடுகிறது. வீட்டை விட்டு வெளியேற ஒருவருக்கு வழி கிடைத்துவிட்டால் தொடர் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் நல்ல தொடர்களின் இறுதி எபிசோட் எப்போதும் அந்த முடிச்சை அவிழ்ப்பதாக அமைகிறது: திருமணம், வேலை மாற்றம், ஊர் மாற்றம், சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறும் காட்சி. பார்வையாளர் கண் கலங்குவதற்கும் அதுதான் காரணம். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் திரும்ப அழைத்து வரும் எழுத்தாளருக்குக் கையில் கிடைப்பது அவிழ்ந்துபோன கயிறு மட்டுமே.

‘ஃப்ரேஸியர்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். 1993 செப்டம்பர் முதல் 2004 மே வரை 11 சீசன்கள், 264 எபிசோடுகள். அதில் முதல் 5 ஆண்டுகளும் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது தொடர்ச்சியாக அதற்கே கிடைத்தது. அதன் முடிச்சு மிக எளிமையானது. சியாட்டில் நகர வானொலியில் மனநல ஆலோசனை சொல்லும் மருத்துவர் ஃப்ரேஸியர் கிரேன், விவாகரத்துக்குப் பிறகு தனியாக, அழகாக, தன் ரசனைப்படி வாழ நினைத்து ஓர் உயரமான கட்டடத்தில் வீடு எடுத்திருக்கிறார். இடுப்பில் குண்டு பாய்ந்து ஓய்வு பெற்ற காவலரான அவர் தந்தை மார்ட்டின் இனித் தனியாக வாழ முடியாது என்ற நிலை வருகிறது. தம்பி நைல்ஸின் வீட்டிலும் இடமில்லை. மகனுக்கு வேறு வழியில்லை.

அந்த முதல் எபிசோடில் ஒரு நாற்காலி வருகிறது. ஃப்ரேஸியரின் கூடத்தில் ஈம்ஸ் வடிவமைத்த நாற்காலி இருக்கிறது. பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் வைத்திருந்த சோபாவின் அச்சு அசலான நகல் இருக்கிறது. அவற்றுக்கு நடுவே, கிழிசல்களை ஒட்டுநாடாவால் ஒட்டிய, கோடு போட்ட பழைய சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து வைக்கிறார்கள். அன்று உள்ளே வந்த நாற்காலி 11 ஆண்டுகளும் அந்த வீட்டுக் கதையின் ஒரு பகுதியாகவே இருந்தது. தொலைக்காட்சியில் ஒரு பொருளை இவ்வளவு பொறுமையாகப் பயன்படுத்திய தொடர்கள் மிகக் குறைவு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதல் சீசனின் 19-வது எபிசோடில் ஃப்ரேஸியர் அந்த நாற்காலியை அகற்றிவிட்டு, விலை உயர்ந்த புதிய நாற்காலி ஒன்றை அப்பாவுக்கு வாங்கி வைக்கிறார். மார்ட்டின் கத்தவில்லை. மனிதன் நிலவில் கால் வைத்ததைத் தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்ததாகச் சொல்கிறார். 1980 குளிர்கால ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி ரஷ்யர்களை வென்றதைப் பார்த்ததும் அதில்தான். தனக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று ஃப்ரேஸியர் தொலைபேசியில் சொன்ன இரவில் உட்கார்ந்திருந்ததும் அதில்தான். அதில் தூங்கிப்போகும் இரவுகளில் மறைந்த மனைவி முத்தமிட்டு எழுப்புவதையும் நினைவுகூர்கிறார். அதற்குள் நாற்காலி கைமாறி ஒரு பள்ளி நாடகத்தின் மேடைக்குப் போய்விட, அதை மீட்க ஃப்ரேஸியர் படும் பாடு மீதி எபிசோட். சிரிப்பும் பாசமும் பகையும் ஒரே பொருளில் வந்து சேர்கின்றன. முடிச்சு என்று நான் சொல்வது இதைத்தான்.

2004-இல் இறுதி எபிசோடில் மார்ட்டின் மறுமணம் செய்துகொண்டு வேறு வீட்டுக்குப் போகிறார். முதல் எபிசோடில் உள்ளே வந்த நாற்காலி அன்று வெளியே போகிறது. நைல்ஸுக்கும் அவர் மனைவி டாஃப்னிக்கும் குழந்தை பிறக்கிறது. ஃப்ரேஸியர் தான் விரும்பிய பெண்ணைத் தேடி விமானமேறி சிகாகோ போகிறார். எல்லா இழைகளும் அவிழ்ந்துவிட்டன; அவிழ்த்தவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருந்தார்கள்.

மீண்டும் தொடங்கியவர்களும் இதை உணராதவர்கள் அல்லர் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி 2018 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் திரும்பி வர விரும்பவில்லை. ஃப்ரேஸியராக நடித்த கெல்சி கிராமர் மட்டும் எஞ்சிய நிலையில், எழுத்தாளர்கள் கிறிஸ் ஹாரிஸும் ஜோ கிறிஸ்டாலியும் பழைய கோணத்தைத் தலைகீழாக்கினார்கள். அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடி மார்ட்டின் பிறப்புச் செய்தி கேட்ட அந்தப் பேரன் ஃப்ரெட்டி வளர்ந்து, ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பாஸ்டனில் தீயணைப்பு வீரராக வேலை செய்கிறான். தந்தையை அடக்கம் செய்துவிட்டு வரும் ஃப்ரேஸியர் மகனோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்குகிறார். முன்பு மகனாக இருந்தவர் இப்போது தந்தை; முன்பு தாத்தாவிடம் இருந்த உழைப்பாளி மனம் இப்போது பேரனிடம். காகிதத்தில் இது மிக நேர்த்தியான திட்டம். அவர்கள் கூடும் மதுக்கூடத்துக்கு மஹோனி என்றே பெயர் வைத்ததில் நன்றியும் அன்பும் இருந்தன.

ஆனாலும் அது முறுக்கேறவில்லை. காரணம் நடிப்பு அல்ல. கிராமரின் குரலும் நேரம் தவறாத உச்சரிப்பும் அப்படியே இருந்தன. காரணம் முடிச்சில் இருக்கிறது. மார்ட்டினுக்குப் போக்கிடம் இல்லை; குளியலறையில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லாதவர் அவர். ஃப்ரெட்டியோ முப்பதை ஒட்டிய, உடல் வலுவுள்ள, சம்பாதிக்கும் இளைஞன். நாளைக் காலையில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் யாருக்கும் எந்தக் கேடும் நேராது. இருவரும் சேர்ந்து வாழ்வதற்குப் பாசத்தை மட்டும் காரணமாகக் காட்டினால் அது நல்ல குடும்பம் ஆகும், சிட்காம் ஆகாது. முதல் தொடரில் ஃப்ரேஸியர் கடமைக்குக் கட்டுப்பட்டிருந்தார், அந்தக் கடமையை உள்ளூர வெறுத்தார், வெறுத்ததற்காக வெட்கப்பட்டார். அந்த மூன்று அடுக்கும் புதிய தொடரில் ஓர் அடுக்காகத் தேய்ந்துவிட்டன. இதில் இன்னொரு இழப்பும் உண்டு. தன்னைப் போலவே படித்த, தன்னைப் போலவே செருக்குள்ள, தன்னோடு எப்போதும் போட்டியிடும் தம்பி இல்லாமல் ஃப்ரேஸியரின் பெருமிதம் மோதி எதிரொலிக்கச் சுவரே இல்லாமல் போயிற்று.

இனி, நான் தாண்டிச் சென்றது என்று சொன்ன தொடர். பிரிட்டனில் டிக் கிளெமென்ட், இயன் லா ஃபிரனே இருவரும் எழுதி 1964 முதல் 1966 வரை பிபிசி 2-இல் கறுப்பு வெள்ளையில் வந்தது ‘தி லைக்லி லாட்ஸ்’. இங்கிலாந்தின் வடகிழக்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாப், டெர்ரி என்ற இரண்டு இளைஞர்களின் கதை: பெண்கள், பியர், கால்பந்து, சண்டை. கலகலப்பானது, ஆனால் அந்தக் காலத்து மற்றத் தொடர்களிலிருந்து மிகப் பெரிதாக உயர்ந்து நின்றது என்று சொல்ல மாட்டேன். அதன் முடிவில் சலிப்புற்ற பாப் ராணுவத்தில் சேரப் பெயர் கொடுக்கிறான். நண்பனைப் பிரிய மனமில்லாமல் டெர்ரியும் சேர்கிறான். தட்டைப் பாதம் என்று பாப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், டெர்ரி மட்டும் மாட்டிக்கொள்கிறான்.

1973-இல் அதே இரட்டையர் எழுத, பாப்பாக அதே ராட்னி பியூஸும் டெர்ரியாக அதே ஜேம்ஸ் போலமும் நடிக்க, வண்ணத்தில் ‘வாட்எவர் ஹேப்பன்ட் டு தி லைக்லி லாட்ஸ்?’ வந்தது. கேள்வியையே பெயராக வைத்திருந்தார்கள். டெர்ரி 5 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். பாப் இப்போது அலுவலக வேலையில் இருக்கிறான், புறநகரில் புது வீடு கட்டும் குடியிருப்பில் இடம் வாங்கியிருக்கிறான், நூலகத்தில் வேலை செய்யும் தெல்மாவை மணக்கப் போகிறான். பாடல், உடை, பழக்கவழக்கம் என்று பிரிட்டன் தலைகீழாக மாறிய அறுபதுகளின் பின்பாதி முழுவதையும் டெர்ரி ராணுவ முகாமில் தவறவிட்டுவிட்டான். அவர்கள் ஊரான நியூகாசிலின் பழைய தெருக்கள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. இருவரும் பழைய இடங்களைத் தேடிப் போனால், அங்கே இடிபாடுகளும் வண்டி நிறுத்துமிடங்களும்தான் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். கடந்துபோன ஆண்டுகளை மறைக்காமல், அந்த ஆண்டுகளையே புதிய முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். டெர்ரியைப் பார்க்கும்போதெல்லாம் தான் விட்டுவந்த வாழ்க்கை பாப்பின் கண்முன் நிற்கிறது. அதற்கு அவன் ஏங்கவும் செய்கிறான், கூசவும் செய்கிறான். பாப்பைப் பார்க்கும்போது தனக்குக் கிடைக்காத வாழ்க்கை டெர்ரிக்குத் தெரிகிறது. அதை அவன் இகழ்கிறான், அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தும் இருக்கிறான். மூலத்தில் வெறும் தோழமையாக இருந்தது இங்கே வர்க்கம், வயது, ஊர் மூன்றும் கலந்த ஒன்றாக அடர்த்தி பெற்றது.

அதில் ஓர் எபிசோடை இன்றைக்கும் பார்க்கலாம், அலுக்காது. இங்கிலாந்து அணி வெளிநாட்டில் ஆடும் கால்பந்துப் போட்டியை அன்றிரவு தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள். முடிவு தெரியாமலே அதைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் நாள் முழுவதும் வானொலியிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் ஓடி ஒளிகிறார்கள். முடிவைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டும் ஒருவன் துரத்திக்கொண்டே இருக்கிறான். தேவாலயத்தில்கூட ஒளிந்துகொள்கிறார்கள். கண்ணில் பட்ட பாதித் தலைப்பில் ‘எஃப்’ என்று தொடங்கும் ஒரு சொல் மட்டும் தெரிகிறது. அது தோல்வியா, வேறு எதுவா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் மழை வெள்ளத்தால் (ஆங்கிலத்தில் ‘ஃப்ளட்’) ஆட்டமே நடக்கவில்லை என்று தெரிகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டத்தின் இடைவெளிகளில் இரண்டு பேரும் தங்கள் இளமையைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, 1964-இல் இந்த எபிசோடை எழுதியிருக்கவே முடியாது என்பது புரிகிறது. அப்போது அவர்களுக்கு இழக்க எதுவும் இருக்கவில்லை.

இடைவெளி நீளமாகும்போது இது கடினமாகிறது என்பதும் உண்மை. பாப், டெர்ரி வந்த இரண்டு தொடர்களுக்கும் இடையில் ஓடியவை 7 ஆண்டுகள், ஃப்ரேஸியருக்கு 19. இருந்தும் 21 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த ஒரு தொடர் ஓரளவு வென்றது. இலினாய் மாநிலத்துத் தொழிலாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய ‘ரோசேன்’ 1988 முதல் 1997 வரை ஓடியது. அதன் இறுதியில் குடும்பத் தலைவர் டான் முன்பே மாரடைப்பால் இறந்துவிட்டார் என்றும், பிற்பகுதிக் கதையில் பெரும்பாலானது ரோசேன் எழுதிய கற்பனை என்றும் சொல்லியிருந்தார்கள். 2018 மார்ச்சில் திரும்பியபோது டான் உயிரோடு இருக்கிறார். இறந்தது பற்றி ஒரு வேடிக்கை வசனத்தோடு கடந்துவிட்டார்கள். முதல் நாளில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். 2006-இல் முடிந்த ‘வில் அண்ட் கிரேஸ்’ 2017-இல் திரும்பியபோதும் பழைய முடிவை ஒரு பாத்திரத்தின் மயக்கக் கனவு என்று தள்ளிவிட்டார்கள். இப்படி முடிவை அழிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. பார்வையாளர் சிந்திய கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கொள்வது போன்றது அது.

ஆனால் ‘ரோசேன்’ அதற்கு அடுத்து செய்தது வேறு. கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காப்பீட்டில் முன்பு போல மருந்து கிடைக்காததால், இருக்கிற மாத்திரைகளை இருவருக்கும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். வயதான உடலும் பற்றாக்குறையும் ஒரே காட்சியில் சிரிப்பாக மாறின. மே மாதத்தில், ரோசேனாக நடித்த ரோசேன் பார் ட்விட்டரில் எழுதிய இனவெறிப் பதிவு ஒன்றை அடுத்து ஏபிசி நிறுவனம் தொடரை ரத்து செய்தது. அவர் இல்லாமல் ‘தி கானர்ஸ்’ என்ற பெயரில் அதே குடும்பம் அக்டோபரில் திரும்பியது. வலிநிவாரண மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டதால் ரோசேன் இறந்துபோனதாகக் கதை தொடங்குகிறது. ஊரில் வசதியில்லாதவர்கள் தங்களுக்குள் மாத்திரைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தது டானுக்குப் பிறகுதான் தெரிகிறது. அன்று சிரித்த அதே மாத்திரைகள். ஒரு விபத்தைச் சமாளிக்க எழுதப்பட்ட கதை, அமெரிக்கச் சிறு நகரங்களின் உண்மையான துயரத்தைத் தொட்டுவிட்டது. மனைவியை இழந்த டான், வேலையிழந்து தகப்பன் வீட்டுக்கே திரும்பிய மகள் டார்லீன், கட்ட வேண்டிய தவணைகள்: யாரும் வீட்டை விட்டுப் போக முடியாத முடிச்சு தானாகவே விழுந்தது. 2025 ஏப்ரல் வரை 7 சீசன்கள் அது ஓடியதில் எனக்கு வியப்பில்லை.

நடிகர்களை ஒரே இடத்தில் கூட்ட முடியாததும் ஒரு பெரிய தடை. 2006-இல் நிறுத்தப்பட்ட ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ 2013-இல் நெட்ஃபிளிக்ஸில் திரும்பியபோது, எல்லா நடிகர்களும் வேறு வேலைகளில் இருந்ததால் ஒவ்வொரு எபிசோடையும் ஒவ்வொரு பாத்திரத்தை மையமாக வைத்து எடுத்தார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிக்கொண்டே இருக்கும் குடும்பத்தைத் தனித்தனியாகப் பிரித்தால் என்ன மிஞ்சும்? 2018-இல் அதையே வேறு வரிசையில் வெட்டித் தொகுத்து 22 எபிசோடுகளாக வெளியிட்டும் பார்த்தார்கள். எடுக்கப்படாத சந்திப்புகளைத் தொகுப்பு மேசையில் உருவாக்கிவிட முடியவில்லை.

ஸ்டுடியோ பார்வையாளர்களின் கைதட்டலும் கதைக்குக் கேடாக முடிவதுண்டு. பழைய முகம் ஒன்று கதவைத் திறந்துகொண்டு வரும்போதெல்லாம் ஆரவாரம் எழுகிறது. நடிகர் அது அடங்கும் வரை காத்து நிற்கிறார். பாத்திரம் அந்த விநாடியில் செத்து, நடிகர் மட்டும் நிற்கிறார். ‘ஃபுல்லர் ஹவுஸ்’ போன்றவை இந்த ஆரவாரத்தையே உணவாகக் கொண்டு பல சீசன்கள் வாழ்ந்தன. அரைத்த மாவை மறுபடி அரைப்பதற்கும் பார்வையாளர் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை மூலத்தோடு ஒப்பிட முடியாது.

மீண்டும் வரும் தொடர்களுக்குக் கொடுக்கப்படாத ஒன்று காலம். பழைய ‘ஃப்ரேஸியர்’ ஓர் ஆண்டுக்கு 24 எபிசோடுகள் எடுத்தது. நடிகரின் பலம் எங்கே இருக்கிறது என்பதை எழுத்தாளர்கள் தவறு செய்து, பார்த்து, திருத்தித்தான் கண்டுபிடித்தார்கள். நைல்ஸ் என்ற பாத்திரமே முதல் திட்டத்தில் இல்லை. டேவிட் ஹைட் பியர்ஸின் புகைப்படம் கிராமரின் சாயலில் இருந்ததைத் தேர்வுக் குழுவில் ஒருவர் கவனித்ததால் பிறந்தது அது. 6-வது சீசனில் நைல்ஸ் தனியாக, ஏறக்குறைய ஒரு வார்த்தையும் பேசாமல், கால்சட்டையின் மடிப்பைத் தேய்க்கப் போய், விரலை வெட்டிக்கொண்டு, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, சோபாவுக்கே தீ வைத்துவிடும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. அந்த நடிகரின் உடல் என்ன செய்யும் என்பதை 5 ஆண்டுகள் பார்த்தறிந்தவர்களால் மட்டுமே அப்படியொரு மௌனத்தை நம்பி எழுத முடியும்.

2023-இல் வந்த தொடருக்குக் கிடைத்தவை ஆண்டுக்கு 10 எபிசோடுகள். பேராசிரியர் ஆலனாக வந்த நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்டுக்கும் கிராமருக்கும் இடையில் இரண்டாவது சீசனில் ஒரு நல்ல உராய்வு கூடிவந்துகொண்டிருந்தது. எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆலனின் சோம்பலுக்கு முன் ஃப்ரேஸியரின் பெருமிதம் திணறும்போது, நைல்ஸ் விட்டுப்போன இடத்தில் வேறு ஒரு சுவர் எழுவதைப் பார்க்க முடிந்தது. 2025 ஜனவரியில் தொடர் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 20 எபிசோடுகள். மூலத்தில் 20 எபிசோடுகள் என்றால், முதல் சீசனே முடிந்திராது. மார்ட்டின் தன் பழைய நாற்காலியைப் பற்றிப் பேசிய அந்த எபிசோடைத் தாண்டி ஒரே ஒரு எபிசோட்தான் வந்திருக்கும்.